மறைந்திருந்து கொடுத்தவர் யார் என்று தெரிந்த பிறகு: ‘டாடி லாங் லெக்ஸ்’ முடிவைப் பற்றி

வெருலம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் ஜீன் வெப்ஸ்டர் எழுதி 1912இல் வெளிவந்த ‘டாடி லாங் லெக்ஸ்’ நாவலைப் படித்தோம். முடிவைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றிப் பேச வழியில்லை. ஆகவே இன்னும் படிக்காதவர்கள் படித்து முடித்த பிறகு இந்த இழைக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

படித்து நாளாகிவிட்டவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அநாதை இல்லத்தில் வளர்ந்த ஜெரூஷா அபட் (பிறகு தன்னை ஜூடி என்று அழைத்துக்கொள்பவள்) எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துச் சிரித்த அறங்காவலர் ஒருவர், அவளை எழுத்தாளராக்கும் எண்ணத்தோடு கல்லூரிக்கு அனுப்புகிறார். தம் பெயரை அவர் வெளியிட மாட்டார். ‘ஜான் ஸ்மித்’ என்ற பெயருக்கு அவள் மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும், பணத்துக்கு நன்றி சொல்லக் கூடாது, பதிலையும் எதிர்பார்க்கக் கூடாது. அவரைப் பற்றி அவள் கண்டதெல்லாம், வாசலில் நின்ற காரின் விளக்கொளியில் சுவரில் விழுந்த ஒரு நிழல்தான். அந்த நிழலின் நீண்ட கால்களை வைத்தே அவள் அவருக்கு ‘டாடி லாங் லெக்ஸ்’ என்று பெயர் சூட்டுகிறாள். அதன் பிறகு நாவல் முழுவதும் அவள் எழுதும் கடிதங்களே. கடைசிக் கடிதத்தில்தான், கல்லூரித் தோழி ஜூலியாவின் சித்தப்பாவும் தன்னை மணக்கக் கேட்டவருமான ஜெர்விஸ் பெண்டில்டன்தான் அந்த நிழலுக்கு உரியவர் என்பது அவளுக்கும் நமக்கும் தெரிகிறது.

எங்கள் வட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதிப் பேர் கண் கலங்கினார்கள். மீதிப் பேர், நான்கு ஆண்டுகள் ஒரு பெண்ணின் மனத்தைக் கடிதம் கடிதமாகப் பிரித்துப் படித்துக்கொண்டே அவள் முன்னால் வேறொருவராக வந்து நின்றவரை எப்படி மன்னிப்பது என்று கேட்டார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் திருப்பம் நேர்மையானது. வெப்ஸ்டர் எதையும் ஒளித்து வைக்கவில்லை. கோடை விடுமுறைக்கு ஜூடியை லாக் வில்லோ என்ற பண்ணைக்கு அனுப்பச் சொல்வது டாடியின் செயலாளர். அங்கே போய்ச் சேர்ந்ததும், அந்தப் பண்ணை முன்பு ஜெர்விஸுக்குச் சொந்தமாக இருந்தது என்றும், தம்மைச் சிறு வயதில் வளர்த்த திருமதி செம்பிளுக்கு அவர் அதைக் கொடுத்துவிட்டார் என்றும் அவள் அறிகிறாள். உங்கள் செயலாளருக்கு இந்த இடம் எப்படித் தெரிந்தது என்று அவளே டாடிக்கு எழுதிக் கேட்கிறாள். விடையைக் கேள்வி வடிவில் கதாநாயகியின் வாயிலேயே வைத்துவிட்டு, ஆசிரியர் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். இதைவிடத் துணிச்சலாக ஒரு தடயத்தை வாசகர் கையில் கொடுக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கருத்துகளை அறிய ஆவலாக இருக்கிறேன்.

ஃபீனிக்ஸ் இரவுப்பணி

வெருலம் அக்காவின் கட்சியில் நானும் சேர்கிறேன். மருத்துவமனையில் இரவு நேரத் தாதியாக வேலை பார்ப்பதால், கல்லூரி நோயாளர் அறையில் ஜூடி படுத்திருக்கும் பகுதி எனக்குத் தனியாக மனத்தில் பதிந்தது. நோயில் படுப்பதற்குச் சற்று முன், தொண்டை வலியோடு இருக்கும் அவள், எத்தனை எழுதினாலும் பதில் போடாத டாடி மீது எரிச்சலோடு ஒரு கடிதம் எழுதுகிறாள். அதன் பிறகு அவள் கட்டிலுக்கு ஒரு நீண்ட வெள்ளைப் பெட்டி வருகிறது. உள்ளே இளஞ்சிவப்பு ரோஜா மொட்டுகள். அவற்றோடு ஓர் அட்டை, அதில் மேல்நோக்கி ஏறிச் செல்லும் கையெழுத்தில் சில சொற்கள். அவரிடமிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் உண்மையான பொருள் அதுதான். கல்விக் கட்டணமும் மாதப் படியும் செயலாளர் வழியாக வந்தவை, அந்த அட்டையோ ஒரு மனிதரின் விரல்களிலிருந்து வந்தது. அவள் படுத்தபடியே அழுதுவிடுகிறாள்.

நோயாளிகளின் கட்டில் அருகே நின்று பழகியவர்களுக்கு அந்த அழுகை புரியும். பணம் கட்டியாயிற்று என்ற செய்தி நோயாளியின் முகத்தை மாற்றுவதில்லை, பார்வை நேரத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தால்தான் மாறுகிறது. முடிவில் வெளிப்படும் உண்மையை நாம் ஏற்றுக்கொள்வதற்கான அடித்தளம் இந்தப் பக்கத்திலேயே போடப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம். நிழலுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்றும், அவரால் தம் விதியைத் தாமே மீற முடியும் என்றும் அப்போதே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

மாரிட்ஸ்பர்க் பேரன்

இருவருடைய கருத்தையும் மதிக்கிறேன். ஆனாலும் தடயங்கள் சரியாக வைக்கப்பட்டிருக்கின்றன என்பதால் செயல் சரியாகிவிடாது. அந்தத் தடயங்களைக் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து பாருங்கள்.

இரண்டாம் ஆண்டுக் கோடையில் சாலி மெக்பிரைடின் குடும்பம் ஜூடியைத் தங்கள் முகாமுக்கு அழைக்கிறது. தனக்கென்று ஒரு குடும்பம் இல்லாமல் வளர்ந்த பெண் அவள். சாலியின் அண்ணன் ஜிம்மி தனக்குக் குதிரையேற்றமும் படகு செலுத்தவும் கற்றுத் தரப் போகிறான் என்று டாடிக்குக் குதூகலமாக எழுதுகிறாள். செயலாளரிடமிருந்து ஒரு வரியில் தடை வருகிறது: போகக் கூடாது, லாக் வில்லோவுக்கே போக வேண்டும். காரணம் சொல்லப்படவில்லை. அதே கோடையில் லாக் வில்லோவுக்கு ஜெர்விஸ் வந்து சேர்கிறார். முதல் வாசிப்பில் இது இனிமையான தற்செயலாகத் தெரிகிறது. இரண்டாம் வாசிப்பில், பணம் கொடுக்கும் கை போட்டியாளனை அப்புறப்படுத்திவிட்டு ஆளைத் தன் பக்கம் இழுக்கிறது என்று தெரிகிறது. அவள் உதவித்தொகை வென்றபோதும் அதை ஏற்க வேண்டாம் என்றே டாடி சொல்லி அனுப்புகிறார். தம்மை நம்பியிருக்கும் அவளுடைய நிலை மாறிவிடுவதை அவர் விரும்பவில்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

மறைவில் நின்று கொடுப்பவர் நல்லவர் என்று நாம் எளிதாக நினைத்துக்கொள்கிறோம். மறைவில் நிற்பவருக்கு எதிரே இருப்பவரின் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கின்றன, அவர் கதவு மட்டும் மூடியிருக்கிறது. நெஞ்சை உருக்கும் நாவல் என்ற பெயர் இந்த ஏற்றத்தாழ்வை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடக் கூடாது.

ஜூடியின் பெருமையைச் சொல்லாமல் விட முடியாது. உதவித்தொகையை அவள் ஏற்றுக்கொள்கிறாள். பிறகொரு கோடையில் ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன் என்ற பேச்சு வந்தபோது மறுத்துவிட்டு, பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்கப் போகிறாள். என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர் இந்த மீறல்களில் இருக்கிறது, கடைசிக் கடிதத்தில் இல்லை.

சாட்ஸ்வர்த் ஆசிரியர்

தம்பியின் கேள்வி கனமானது. அதற்கு நம்முடைய பழைய இலக்கியத்திலிருந்தே ஒரு விடை தேடிப் பார்க்கலாம்.

நம் மரபில் கொடுத்தவர் ஒளிந்துகொள்வதில்லை. பாரி, பேகன் என்று வள்ளல்களின் பெயரைச் சொல்லிப் பாடுவதே புலவரின் கடமை. கொடுத்தவன் பெயர் நிலைக்க வேண்டும், வாங்கியவன் அதை ஊரறியச் சொல்ல வேண்டும் என்பதே ஒப்பந்தம். அந்த மரபுக்குள்ளேயே புறநானூற்றின் 208ஆம் பாடல் ஒரு முள்ளைப் போல நிற்கிறது. பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காண வருகிறார். அரசன் அவரைச் சந்திக்காமலேயே பரிசிலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டு செல்லுமாறு சொல்லி அனுப்பிவிடுகிறான். புலவர் வாங்க மறுக்கிறார். என்னைக் காணாமல் தந்த பொருளை எடுத்துக்கொண்டு போக நான் வாணிகம் செய்யும் பரிசிலன் அல்லேன், தினையளவே ஆனாலும் என் தகுதியின் அளவை அறிந்து தந்தால் அது எனக்கு இனிது என்கிறார்.

ஜூடியின் கதையில் இதே இடம் வருகிறது. கடை ஜன்னலில் கண்ட தொப்பிகளைப் பற்றி அவள் விளையாட்டாக எழுத, டாடி 50 டாலர் காசோலை அனுப்புகிறார். அவள் திருப்பி அனுப்பிவிடுகிறாள். படிப்புக்கு வாங்குவது வேறு, தேவைக்கு மேல் தர்மம் வாங்குவது வேறு என்று எழுதுகிறாள். பெருஞ்சித்திரனார் படித்திருந்தால் அந்தப் பெண்ணைத் தம் குலத்தவள் என்றே சொல்லியிருப்பார்.

நான் கேட்பது இதுதான். புலவரின் குறை, கொடுத்தவனைத் தான் பார்க்கவில்லை என்பதா, கொடுத்தவன் தன்னைப் பார்க்கவில்லை என்பதா? பாடல் தெளிவாக இரண்டாவதைச் சொல்கிறது. பெறுபவரின் அளவை அறியாமல் கொடுப்பதே இழிவு. அப்படியானால் ஜெர்விஸ் குற்றவாளி ஆக மாட்டார். அவர் ஜூடியை மாதந்தோறும் படித்தார், அவளுடைய கோபத்தையும் பகடியையும் தனிமையையும் அறிந்தார். முதலில் காணாமல் கொடுத்தவர், அவளுடைய அளவை அறிந்து கொடுப்பவராக மாறுகிறார். நாவல் முழுவதும் அந்த மாற்றத்தின் கதைதான்.

தென்னாப்பிரிக்காவின் நம் நேட்டாலிலும் பெயர் சொல்லிக் கொடுத்த மரபே வலுவானது. 1890இல் ஒப்பந்தத் தொழிலாளியாக வந்து ரயில்வேயில் உழைத்த எம். எல். சுல்தான் பிற்காலத்தில் தந்த நன்கொடையால் டர்பனில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி அவர் பெயரையே தாங்கியது. இன்றும் அந்த வளாகம் அப்படித்தான் அழைக்கப்படுகிறது. கட்டடத்தின் மேல் பெயர் இருக்கும்போது மாணவர் தலை நிமிர்ந்து உள்ளே போகிறார், ஏனெனில் அந்தப் பெயருக்கு அவர் தனியாக எதுவும் கடன்படவில்லை. ஒரே ஒருவருக்கு மட்டும் கொடுக்கும்போதுதான் மறைவு தேவைப்படுகிறது.

மாரிட்ஸ்பர்க் பேரன்

ஐயா, 208ஆம் பாடலை இந்த நாவலோடு சேர்த்துப் படிக்க எனக்குத் தோன்றியதே இல்லை. மிக்க நன்றி. ஆனால் அந்தப் பாடலே எனக்கும் ஆதரவாக நிற்கிறது.

பெருஞ்சித்திரனாரால் மறுக்க முடிந்தது, ஏனெனில் யாரை மறுக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அரசன் வாசலில் நின்று, அவன் பெயரைச் சொல்லி, அவன் ஆட்களின் முன்னிலையில் அவர் மறுத்தார். ஜூடி யாரை மறுப்பாள்? காசோலையைத் திருப்பி அனுப்பிய மறுநாளே, தான் நன்றி கெட்டவளாக நடந்துகொண்டோமோ என்று வருந்தி எழுதுகிறாள். எதிரே இருப்பவர் சினந்தாரா சிரித்தாரா என்று அவளால் அறிய முடியவில்லை. முகம் தெரியாதவரிடம் மானத்தோடு நடந்துகொள்வது மிகவும் கடினம்.

அளவறிந்து கொடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். ஒருவருடைய தகுதியின் அளவை அறிவது ஒன்று, அவர் மூன்றாம் மனிதருக்கு என்று நம்பி எழுதியதை அந்த மூன்றாம் மனிதராக வேடமிட்டுப் படிப்பது வேறொன்று. ஜெர்விஸைப் பற்றி அவள் டாடிக்கு எழுதும் ஒவ்வொரு வரியையும் ஜெர்விஸே படிக்கிறார்.

டோங்காட் மருமகள்

இந்த இழையைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. இது என் தாயாருக்கு நேர்ந்தது, அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்.

அம்மா படித்த காலத்தில் எங்கள் பக்கத்து இந்தியப் பள்ளிகள் பல, சமூகம் திரட்டிய பணத்தோடு அரசு மானியமும் சேர்ந்து எழுந்தவை. கட்டடம் ஊருக்குப் பொதுவானது, கட்டணமும் புத்தகமும் சீருடையும் வீட்டுப் பொறுப்பு. தாத்தா கரும்பாலையில் வேலை இழந்த பிறகு அம்மாவின் படிப்பு நின்றுவிடும் நிலை. ஆனால் ஒவ்வொரு தவணையிலும் கட்டணம் கட்டப்பட்டுவிட்டது என்றே பள்ளி எழுத்தர் சொன்னார். கோயில் நிர்வாகம் கட்டுகிறது என்று வீட்டில் நம்பினார்கள். ஆயா, அதாவது அம்மாவின் தாயார், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்கு ஒரு செம்பு பால் கொண்டு போய்க் கொடுப்பாராம், கட்டணத்துக்கு நன்றியாக.

கட்டியவர் என் தாத்தாவின் தங்கை. டர்பனில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கழுத்துப்பட்டி தைக்கும் வரிசையில் வேலை பார்த்தவர். வேறு சாதியில் மணம் செய்துகொண்டார் என்பதற்காக அவரோடு எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா பட்டம் பெற்று, மணமாகி, நானும் பிறந்த பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் அந்த எழுத்தர் பேச்சுவாக்கில் உண்மையைச் சொல்லிவிட்டார்.

இது நாவலாக இருந்திருந்தால் அங்கே கட்டித் தழுவிக்கொண்டிருப்பார்கள். அம்மா கோபப்பட்டார். தன் சொந்த அத்தையை வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஆண்டுகள் அத்தனையும் அவருக்கு நினைவு வந்தன. நான் நன்றி இல்லாதவளாக நடந்துகொள்ளும்படி என்னை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று அத்தைப் பாட்டியிடம் நேரே போய்க் கேட்டார். பாட்டிக்கும் கோபம், அந்த எழுத்தர் மீது. தெரிந்திருந்தால் உன் அப்பா உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருப்பார், என் பணத்தில் படிக்க விட்டிருக்க மாட்டார் என்று சொன்னாராம். அதற்கு அம்மாவால் மறுமொழி சொல்ல முடியவில்லை, ஏனெனில் அது முற்றிலும் உண்மை.

மாரிட்ஸ்பர்க் தம்பி சொல்வது போல் மறைவு ஒரு பக்கத்துக்கு மட்டும் வலிமை தருகிறது என்று நான் நினைக்கவில்லை. எங்கள் பாட்டி மறைவில் நின்றதால் அவருக்குக் கிடைத்தது அவமதிப்புதான். கோயில் வாசலுக்கு வந்த பால் அவர் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியது. ஆனால் பெறுபவர் அறியாமலே தவறு செய்துகொண்டிருப்பார் என்ற ஒன்றை மறைந்து கொடுப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்ற குறை அம்மாவிடம் இன்னும் இருக்கிறது. டாடிக்குச் சுடுசொற்களை எழுதிவிட்டுப் பிறகு ஜூடி வருந்தும் பக்கங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் வேறொன்றும் சொல்லாமல், அந்தப் பகுதியை மறுபடியும் படிக்கச் சொன்னார்.

கிளேர்வுட் பழைய வாசகர்

டோங்காட் மருமகளுக்கு என் வணக்கம். உங்கள் தாயாருக்கும் பாட்டிக்கும் நியாயம் செய்யும் நாவல் ஒன்று உண்டு. அது வெப்ஸ்டருடையது அன்று, சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’.

சென்னையிலிருந்து நம் முன்னோரை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் போர்ட் நேட்டாலை, அதாவது இன்றைய டர்பனை, அடைந்தது. அடுத்த மாதம் முதல் நாள், அதாவது டிசம்பர் 1ஆம் நாள், லண்டனில் அந்த நாவலின் முதல் பகுதி வார இதழில் வெளிவந்தது. கடல் கடந்து அனுப்பப்பட்ட மாக்விச் என்ற கைதி ஒருவன், திரும்பி வரக்கூடாத இடத்திலிருந்து, ஊரில் ஒரு பையனுக்குப் பணம் அனுப்பிக்கொண்டே இருக்கும் கதை அது. மாக்விச் குற்றவாளி, நம்மவர்கள் கூலிகள், இரண்டும் ஒன்றல்ல. ஆனால் தூர தேசத்தில் உடம்பை வருத்திச் சேர்த்த காசு ஊரில் ஒருவனை நாகரிகமானவனாக ஆக்குவதும், அவன் அந்தக் காசின் பிறப்பிடத்தைக் கண்டு கூசுவதும் நம் குடும்பங்களுக்குப் புதியவை அல்ல.

பிப் என்ற அந்தப் பையன், தனக்குப் பணம் தருபவர் செல்வச் சீமாட்டியான மிஸ் ஹாவிஷம் என்று நம்புகிறான். வழக்கறிஞர் ஜாகர்ஸ் இருவருக்கும் பொதுவானவர் என்பதே அந்த நம்பிக்கைக்குக் காரணம், அவரோ ஒருமுறைகூட அப்படிச் சொல்வதில்லை. தடயம் 10ஆம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. மதுக்கடையில் முன்பின் தெரியாத ஒருவன், சிறு வயதில் பிப் கைதிக்காகத் திருடிக் கொடுத்த அதே அரத்தை எடுத்து, அதனால் தன் கோப்பையைக் கலக்குகிறான். பிறகு இரண்டு ஒரு பவுன் நோட்டுகளைக் காகிதம் போலக் கசக்கிப் பையன் கையில் வைத்துவிட்டுப் போகிறான். வாசகர் அரத்தைப் பார்க்கிறார், மறந்துவிடுகிறார்.

39ஆம் அத்தியாயத்தில், மழையும் காற்றுமான இரவில், மாக்விச் நேரில் வந்து நிற்கிறான். பிப் அவனை அடையாளம் கண்டு, அந்தப் பழைய இரண்டு பவுனைப் புது நோட்டுகளாகத் திருப்பித் தருகிறான், கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று. மாக்விச் அவற்றை நீளவாக்கில் மடித்து, முறுக்கி, விளக்கில் கொளுத்திச் சாம்பலைத் தட்டில் போடுகிறான். அதற்குப் பிறகே உண்மையைச் சொல்கிறான். தீர்க்க முடியாத கடன் என்றால் என்ன என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் காட்டிய இடம் அது. பிப்புக்கு வருவது அருவருப்பு, நன்றி அல்ல. டோங்காட் அம்மாவின் கோபத்துக்கு இலக்கியத்தில் உறவு தேடினால் இந்தப் பக்கத்தில்தான் கிடைக்கும்.

ஆனால் நான் இன்னும் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறு. அந்த நாவலில் மறைந்து கொடுப்பவர் ஒருவர் அல்லர், மூவர். மாக்விச் பிப்புக்குக் கொடுக்கிறான். பிப் தன் நண்பன் ஹெர்பர்ட்டுக்குத் தெரியாமல் அவனுக்கு ஒரு வணிக நிறுவனத்தில் இடம் வாங்கித் தருகிறான். மூன்றாமவர் பிப்பை வளர்த்த கொல்லர் ஜோ. பிப் வறுமையிலும் நோயிலும் விழுந்து கடனுக்காகக் கைது செய்யப்படும் நிலையில் இருக்கும்போது, அவன் அவமதித்து ஒதுக்கிய ஜோ லண்டனுக்கு வந்து, பக்கத்தில் இருந்து அவனைக் குணப்படுத்துகிறார். உடல் தேறியதும், ஒரு நாள் விடியற்காலையில் சொல்லாமல் புறப்பட்டுவிடுகிறார். மேசையில் ஒரு சிறு கடிதம். எழுத்தறியாதிருந்து பிற்காலத்தில் கற்றுக்கொண்ட மனிதர் தம் கையால் எழுதியது. அதற்குள் பிப்பின் கடனைக் கட்டிய ரசீது.

மாக்விச் தன் பணம் உருவாக்கிய கனவானைக் கண்ணால் பார்த்து மகிழ உயிரையே பணயம் வைத்து வருகிறான். ஜோ பார்க்கப்படக் கூடாது என்பதற்காகவே போகிறார். புகழ்பெற்ற திருப்பம் முதலாமவனுக்குக் கிடைத்தது. மூன்றாமவர் ஓர் அத்தியாயத்தின் கடைசியில் சில வரிகளில் வந்து போகிறார். என் கணிப்பில் அந்தச் சில வரிகளே அந்த நூலின் உச்சம்.

ஃபீனிக்ஸ் இரவுப்பணி

ஐயா, ஜோவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒரு சந்தேகம். ஜோ மறைந்து கொடுத்தார் என்று சொல்ல முடியுமா? ரசீதில் யார் கட்டினார் என்பது தெரிந்துவிடுகிறதே. அவர் மறைத்தது தம் பெயரை அல்ல, நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டிய அந்த நேரத்தை.

கிளேர்வுட் பழைய வாசகர்

நீங்கள் சொல்வது சரி, அம்மா. அந்த வேறுபாட்டை நான் இத்தனை தெளிவாகப் பிரித்துப் பார்த்ததில்லை. பெயரை வைத்துவிட்டு ஆள் மட்டும் விலகியதால்தான் பிப் அவரைத் தேடி ஊருக்குப் போக முடிகிறது, தன் தவற்றை அவர் முன்னால் சொல்ல முடிகிறது. டோங்காட் மருமகளின் தாயார் தமக்கு மறுக்கப்பட்டதாகச் சொன்ன வாய்ப்பு பிப்புக்குக் கிடைக்கிறது.

சாட்ஸ்வர்த் ஆசிரியர்

அப்படியே ஜூடிக்கும் கிடைக்கிறது என்று நான் சொல்வேன். தன் நாவல் விலைபோனதும் அவள் டாடிக்கு 1000 டாலர் காசோலை அனுப்பிக் கடனைத் திருப்பத் தொடங்குகிறாள். அப்போது அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. கடைசிக் கடிதத்துக்கு முன்பே அவள் தன் காலில் நிற்கிறாள். வெப்ஸ்டர் அந்த வரிசையைக் கவனமாக அமைத்திருக்கிறார். உண்மை முதலிலும் காசோலை பிறகும் வந்திருந்தால், நான் மாரிட்ஸ்பர்க் தம்பியின் பக்கம் சேர்ந்திருப்பேன்.

வெருலம் வாசகி

எல்லோருடைய பதிவுகளையும் அச்செடுத்து வட்டத்தில் படித்தோம். டோங்காட் சகோதரியின் பதிவை முடித்ததும் வெகுநேரம் அதைப் பற்றியே பேசினோம், குறிப்பாக ஆயா கொண்டு போன பாலைப் பற்றி.

இத்தனையையும் கேட்ட பிறகும் என் கட்சி மாறவில்லை, ஆனால் காரணம் மாறியிருக்கிறது. தடயங்களுக்காகத் திருப்பத்தை ஆதரித்தேன். இப்போது வேறொன்றுக்காக ஆதரிக்கிறேன். ஜெர்விஸ் மணக்கக் கேட்கும்போது ஜூடி ஏன் மறுக்கிறாள்? தான் அநாதை இல்லத்தில் வளர்ந்தவள் என்பதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் பெரிய குடும்பத்தைச் சேர்ந்த அவர் விலகிவிடுவார் என்று அஞ்சுகிறாள். ஆகவே காரணம் சொல்லாமலே மறுக்கிறாள். அவள் ஜிம்மியை விரும்புகிறாள் என்று எண்ணி அவர் போய்விடுகிறார். வேறு யாரிடமும் சொல்ல முடியாத இந்தத் துயரத்தை டாடிக்கு எழுதுகிறாள். மறைத்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர், அவளும் ஒன்றை மறைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் இரண்டு மறைப்புகளும் ஒருங்கே உடைகின்றன. எதை அறிந்தால் இவர் என்னை விட்டுவிடுவார் என்று அஞ்சினாளோ, அதை அவர் முதல் நாளிலிருந்தே அறிந்திருந்தார் என்று அவள் கண்டுகொள்கிறாள். டாடி யார் என்ற விடையைவிட இந்தக் கண்டுபிடிப்புதான் அவளுடைய பல ஆண்டுப் பாரத்தை இறக்குகிறது. என்னை அழ வைத்ததும் இதுதான் என்று இப்போது புரிகிறது.

மாரிட்ஸ்பர்க் தம்பி சொன்ன முகாம் விவகாரத்துக்கு இந்த வாதம் மறுமொழி ஆகாது. அந்தத் தடை அநியாயம் என்று எங்கள் வட்டமும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. நாவல் அதற்காக ஜெர்விஸைக் கேள்வி கேட்கவே இல்லை. அவருடைய கடிதம் ஒன்றுகூட நமக்குக் காட்டப்படவில்லை என்பதால் அவர் வாயால் விளக்கம் கேட்கவும் வழியில்லை.

அடுத்த மாதத்துக்கு டிக்கன்ஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். நூல் பெரியது, இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு. புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்த இழையைப் படித்திருந்தால் மாக்விச் யார் என்று தெரிந்துகொண்டுதான் வருவார்கள், அது வாசிப்பைக் கெடுக்குமா என்று ஒருவர் கேட்டார்.

மாரிட்ஸ்பர்க் பேரன்

கெடுக்காது, அக்கா. 10ஆம் அத்தியாயத்தில் அரம் வெளியே வரும்போது அவர்கள் நம்மைவிடக் கூர்மையாகப் பார்ப்பார்கள். ஆனால் ஜோவின் ரசீதைப் பற்றி மட்டும் முன்கூட்டியே பேச வேண்டாம். அதை அவர்களே பிரித்துப் பார்க்கட்டும். இரண்டாம் மாதக் கூட்டத்துக்கு நானும் வெருலம் வந்து சேர்ந்துவிடுகிறேன், முகாம் விவகாரத்தை அங்கே மீண்டும் எடுத்துப் பேச அனுமதி தருவீர்கள் என்றால்.